குடித்தவள் என்று எழுதினார்கள்

ஜனவரி 11

பல் தேய்ப்பதற்குள் ஒரு நிராகரிப்பு வந்துவிட்டது. "உங்கள் ஆர்வத்துக்கு நன்றி" என்று ஆரம்பித்தால் மீதியைப் படிக்க வேண்டியதில்லை. படித்தேன். என் தகுதி அவர்களைக் கவர்ந்ததாம். கவர்ந்துவிட்டு அனுப்பிவிட்டார்கள்.

இந்த நாட்டுக்கு வந்து நீர்ப் பொறியியலில் முதுகலை முடித்தாயிற்று. கோடைக்குள் வேலை கிடைத்து, கம்பெனி விசாவுக்குப் பொறுப்பேற்காவிட்டால் கோவில்பட்டிக்கு டிக்கெட் போட வேண்டியதுதான். ஒவ்வொரு விண்ணப்பத்திலும் அந்தக் கேள்வி இருக்கிறது: "ஸ்பான்சர்ஷிப் தேவைப்படுமா?" ஆம் என்று போட்டால் அநேகமாக அன்றைக்கே கதவு சாத்தப்பட்டுவிடுகிறது.

என் அறைத்தோழி ஜெர்லின் மார்த்தாண்டத்துக்காரி. எம்.பி.ஏ. படித்துவிட்டு இங்கே முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள்.

"இல்லைன்னு போட்டுருட்டி. உள்ள போன பொறவு பாத்துக்கிடலாம்."

"பொய் சொல்லி உள்ள போக மாட்டேன்."

"அப்ப வெளியே நில்லு மக்ளே," என்று சொல்லிவிட்டு அவியலுக்குத் தேங்காய் அரைக்கப் போனாள்.

மறுபடியும் ஆம் என்றுதான் போட்டேன்.

ஜனவரி 20

பகுதிநேரமாக வேலை பார்க்கும் சான்ட்விச் கடையில் இன்று முழு நாள். மேனேஜர் என்னை 'ஷென்' என்று கூப்பிடுகிறார். செண்பகவல்லி என்று பேட்ஜில் முழுசாக எழுதி மார்பில் குத்திக்கொண்டேன். இடம் போதவில்லை, கடைசி எழுத்துகளைச் சின்னதாக்க வேண்டியதாயிற்று.

அம்மா தீப்பெட்டி ஆபீஸில் வேலை முடிந்து வந்ததும் கூப்பிட்டாள். "சாப்டியா தாயி? குளுருதா?" என்று வழக்கமான கேள்விகள். அப்பா பக்கத்தில்தான் இருந்தார் போலிருக்கிறது, இருமல் கேட்டது. அப்பாவிடம் கொடுக்கச் சொல்லவில்லை. ஜெர்லின் அறையில் இருந்தாள். போனில் அவர் பேசுவது சரியாகக் கேட்காது, அதனால்தான்.

பிப்ரவரி 3, சனி

இன்று ரக்பி மேட்ச். ஸ்டேடியம் ஊர் நடுவில் இருக்கிறது. நம் ஊரில் பெரிய கோயில் இருக்கும் இடத்தில் இவர்கள் ஸ்டேடியத்தைக் கட்டிவைத்திருக்கிறார்கள். திருவிழாக் கூட்டம். சாமி மட்டும்தான் இல்லை.

கடை திறக்கும்போதே தெருவில் பீர் நாற்றம். காலை பத்து மணிக்கு! ஸ்காட்லாந்திலிருந்து பாவாடை கட்டிய ஆண்கள், தலையில் மஞ்சள் பூ வடிவத் தொப்பி வைத்த உள்ளூர்க்காரர்கள். மதியத்துக்குள் தெருவே ஆடத் தொடங்கிவிட்டது. பளபளவென்று உடுத்திய ஒரு அம்மாள், என் அம்மாவைவிட வயது கூட இருக்கும், செருப்பைக் கழற்றிவிட்டு நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு சிப்ஸ் தின்றபடி பாடினாள். போலீஸ்காரர் குனிந்து, "எழுந்திரிங்கம்மா, ஈரம்" என்றார். அவள் அவருக்கு ஒரு சிப்ஸ் நீட்டினாள். அவர் வாங்கித் தின்றார்.

ஒருவன் என் மேல் இடித்துவிட்டு, இடுப்பு வளையக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டான். நிமிரும்போது கண்ணாடிக் கதவில் முட்டிக்கொண்டான். கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. குடித்ததற்காக இல்லை. தள்ளாடுகிறவனைப் பார்த்து இங்கே யாரும், "இது இன்னார் அப்பன்ல?" என்று கேட்கவில்லை. குடித்தவன் வீட்டுக்குப் போய்த் தூங்கி எழுந்து திங்கட்கிழமை ஆபீஸுக்குப் போய்விடுவான். அவன் மகளிடம் யாரும் ஒன்றும் கேட்கப் போவதில்லை.

எரிச்சலாக இருந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 16

இன்டர்வியூ! வெள்ளத்தடுப்பு ஆலோசனை செய்யும் கம்பெனி. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஆபீஸ். மார்ச் முதல் தேதி, வெள்ளிக்கிழமை, மூன்று மணி. நான் ஆம் என்று போட்ட பிறகும் கூப்பிட்டிருக்கிறார்கள். ஜெர்லினிடம் அந்த அழைப்பை இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன்.

"செரி செரி, நீ ஜெயிச்ச," என்றாள்.

பிப்ரவரி 25

பழைய துணி விற்கும் தொண்டு நிறுவனக் கடையில் ஒரு சாம்பல் நிறக் கோட்டு கிடைத்தது. தோள் கொஞ்சம் பெரிசு. கை நீளம் சரி. ஜெர்லின் தேய்த்துக் கொடுத்தாள். கண்ணாடியில் பார்த்தபோது சம்பளம் வாங்குகிறவள் மாதிரியே இருந்தேன்.

பிப்ரவரி 28

வெள்ளிக்கிழமை மேட்சாம். அன்றைக்கே இவர்கள் நாட்டுப் புனிதரின் திருநாளும். சாலைகளை மத்தியானமே மூடிவிடுவார்கள், பஸ் வராது. நடந்தே போகிறேன். சீக்கிரம் கிளம்பினால் போயிற்று.

மார்ச் 1, வெள்ளி

நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

ஒன்றரை மணிக்கே கிளம்பிவிட்டேன். தூறல். கோட்டுக்கு மேல் ஜெர்லினின் மழைச்சட்டை. செயின்ட் மேரி தெருவில் கால் வைக்க இடமில்லை. எங்கே பார்த்தாலும் சிவப்பு ஜெர்ஸியும் மஞ்சள் பூவும். கூட்டத்தைத் தவிர்க்கப் பக்கத்துச் சந்தில் திரும்பினேன். அங்கே பூட்டியிருந்த ஒரு கடைப் படியில் அவர் உட்கார்ந்திருந்தார். ஐம்பது, ஐம்பத்தைந்து வயது இருக்கும். சிவப்பு ஜெர்ஸி, தலையில் பூத்தொப்பி, கையில் பீர் கேன்.

நான் தாண்டிப் போய்விட்டேன். பத்தடி போன பிறகுதான் பார்த்தது உறைத்தது. அவர் கையில் இருந்த கேன் சாய்ந்து பீர் தொடையில் கொட்டிக்கொண்டே இருந்தது. அவருக்கு அது தெரியவில்லை. குடித்தவன் எதைக் கீழே விட்டாலும் கிளாஸை விடமாட்டான். இது எனக்குத் தெரியும்.

திரும்பி வந்தேன். வாயின் இடது ஓரம் தொங்கியிருந்தது. ஏதோ சொன்னார், வார்த்தையாக வரவில்லை. இரண்டு கையையும் தூக்கச் சொல்லி நானே தூக்கிக் காட்டினேன். ஒரு கை மேலே வந்தது. இன்னொன்று மடியிலேயே கிடந்தது.

சந்து முனையில் மஞ்சள் சட்டை போட்ட காவலாள் ஒருவன் நின்றான். கூட்டத்தைக் கட்டுப்படுத்துகிறவன், போலீஸ் இல்லை. ஓடிப்போய்க் கூப்பிட்டேன்.

"அவனை விடும்மா. காலையிலேர்ந்து ஊத்திக்கிட்டிருக்கான். தூங்கினா சரியாயிடும்."

"இது வெறும் குடி இல்லை."

"நாத்தம் உனக்கு அடிக்கலையா?"

"குடிச்சிருக்கார். கூடவே வேற ஒண்ணும் நடக்குது. வந்து முகத்தைப் பாருங்க."

"இன்னிக்கு இந்த ஊர்ல எல்லா மூஞ்சியும் அப்படித்தான்," என்று சிரித்தான்.

நான் கத்தினேன். எந்த மொழியில் கத்தினேன் என்று நினைவில்லை, பாதி தமிழாகத்தான் இருந்திருக்கும். அவன் சிரிப்பு நின்றுவிட்டது. வந்து பார்த்தான். பார்த்ததும் தோளில் இருந்த வாக்கி டாக்கியை எடுத்தான். நான் அவசர எண் 999-ஐ அழைத்தேன். எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். தெரியாது என்று சொல்ல நேர்ந்ததில் அவ்வளவு கோபம் வந்தது.

அவர் என் மேல் சாய்ந்துவிட்டார். நல்ல கனம். பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துக்கொண்டேன். மீதி பீர் முழுவதும் என் மேல். பிறகு வாந்தி. மழைச்சட்டை எப்போது திறந்துகொண்டதோ, கோட்டெல்லாம் நனைந்துவிட்டது. சரியாக இருந்த கையால் என் விரல்களைப் பிடித்துக்கொண்டே இருந்தார். "பேரென்ன?" என்று கேட்டேன். சொன்னார், புரியவில்லை. "சரி, இருங்க, வந்துருவாங்க" என்று தமிழில் சொல்லிக்கொண்டே இருந்தேன். தலையை ஆட்டினார்.

தெரு அடைப்பைத் தாண்டி ஆம்புலன்ஸ் வரத் தாமதமாயிற்று. ஸ்ட்ரெச்சரில் தூக்கும்போது மணி மூன்றாகியிருந்தது. விரலை விடுவித்துக்கொண்டு ஓடினேன்.

ஆபீஸில் கால்மணி நேரம் தாமதம். கழிப்பறையில் கோட்டைத் துடைத்தேன். துடைத்தால் நாற்றம் பரவியதே தவிரக் குறையவில்லை. மனிதவளத் துறையிலிருந்து கேட்ரின் என்ற பெண் இறங்கி வந்தாள். கை நீட்டினாள். நீட்டிய கை பாதியில் தயங்கியது.

"வழியில ஒருத்தருக்கு உடம்பு சரியில்லாமப் போச்சு, அதனால..." என்று ஆரம்பித்தேன். மூச்சு வாங்கியது, நாக்கு உலர்ந்து இங்கிலீஷ் தட்டுத் தடுமாறி வந்தது.

அவள் மெதுவாக, குழந்தையிடம் பேசுவது போல, "பரவாயில்லை. இன்னிக்கு ஊரே அப்படித்தான் இருக்கு. நீங்க வீட்டுக்குப் போய் ஓய்வெடுங்க. நாங்க தொடர்புகொள்றோம்," என்றாள்.

என்னைக் குடித்தவள் என்று நினைக்கிறாள் என்பது கதவு மூடிய பிறகுதான் புரிந்தது. வாசல் படியிலேயே நின்றேன். எதிரே ஆயிரம் பேர் பாடிக்கொண்டே போனார்கள்.

மார்ச் 2

ஜெர்லின் கோட்டை மூன்று முறை அலசினாள். அவள் வேலைக்குப் போன பிறகு இதை எழுதுகிறேன்.

நான் பத்தாம் வகுப்பு படிக்கும்போது, பரீட்சை முடிந்து மத்தியானம் பஸ் ஸ்டாண்டு வழியாக வந்தேன். தண்ணீர்த்தொட்டிக்குப் பக்கத்தில் அப்பா கிடந்தார். காலையிலிருந்தே கிடந்தாராம். தெருக்காரர்கள் பார்த்திருக்கிறார்கள், சித்தப்பா பார்த்திருக்கிறார், ஒரு போலீஸ்காரர் லத்தியால் காலைத் தட்டிவிட்டுப் போயிருக்கிறார். பழக்கடைக்காரர் என்னைப் பார்த்து, "ஏ புள்ள, ஒங்கப்பனுக்கு இன்னைக்கு ஏத்தம் ஜாஸ்தி," என்றார். அப்பாவின் வாய் ஒரு ஓரம் தொங்கியிருந்தது. நான்தான் ஆட்டோவை மறித்தேன். "பக்கவாதம்மா, மொதல்லயே கொண்டாந்திருந்தா கையும் காலும் பேச்சும் இப்படிப் போயிருக்காது," என்றார் டாக்டர்.

குடித்திருந்தாரா என்று எல்லோரும் கேட்டார்கள். டாக்டர், போலீஸ், சித்தப்பா. குடித்திருந்தார். அதனால் என்ன? குடித்தவனுக்கு மூளையில் ரத்தம் கட்டாதா?

அதன் பிறகு அவர் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. ஆனால் காலை இழுத்து நடக்கிறார், பேச்சு குழறுகிறது. ஊருக்கு அவர் இப்போதுதான் முழுநேரக் குடிகாரர்.

இதை ஜெர்லினிடம் சொன்னதில்லை. சொல்வதற்கு ஒன்றுமில்லை என்பதால்தான்.

மார்ச் 4, திங்கள்

மெயில் வந்துவிட்டது. "தாமதமாகவும், மது அருந்திய நிலையில் இருப்பதாகத் தோன்றும்படியும் வந்ததால் உங்கள் விண்ணப்பத்தை மேலே எடுத்துச்செல்ல இயலாது."

நாலைந்து தடவை படித்தேன். என் வாழ்க்கையில் ஒரு துளி தொட்டதில்லை. ஒரு ஊரே தெருவில் கவிழ்ந்து கிடந்த நாளில், குடிக்காமல் இருந்த ஒருத்தியைப் பிடித்துக் குடித்தவள் என்று எழுதியிருக்கிறார்கள்.

நடந்ததை விளக்கிப் பதில் போட்டேன். பதில் இல்லை.

"விட்டுரு பிள்ளே," என்றாள் ஜெர்லின். "சண்டை போட்டா மத்த கம்பெனிக்கும் சொல்லிருவாவ. வேற எடம் பாரு."

"வேற எடம் பாப்பேன். ஆனா இதை விட மாட்டேன்."

"எதுக்கு இவ்வளவு வீம்பு?"

அப்பாவைப் பற்றி வாய்வரை வந்தது. "காப்பி போடவா?" என்று கேட்டேன்.

மார்ச் 5

காலையில் போய் ஆபீஸ் வரவேற்பறையில் உட்கார்ந்துவிட்டேன். அலசியும் கறை போகாத அதே கோட்டு. வேண்டுமென்றேதான் போட்டுப் போனேன். முன்அனுமதி இல்லாமல் யாரையும் பார்க்க முடியாது என்றார்கள். "பரவாயில்லை, இருக்கேன்" என்றேன். பாதுகாவலரைக் கூப்பிடட்டுமா என்று வரவேற்பாளர் கேட்டார். "கூப்பிடுங்க. அவர்கிட்டயும் இதையே சொல்றேன்."

மத்தியானம் ஒருவர் இறங்கி வந்தார். உயரம், நரைத்த தாடி, சேறு படிந்த பூட்ஸ். ஹூவெல் என்றார், அவர்தான் இன்டர்வியூ எடுக்க இருந்த தலைமைப் பொறியாளர். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். தடுமாறாமல் சொன்னேன்.

அவர் தாடியைத் தடவினார். "நீங்க சொல்றதை உறுதிப்படுத்த யாராவது இருக்காங்களா?"

அந்த மஞ்சள் சட்டைக்காரனைத் தேடிப் பிடித்திருக்கலாம். ஆம்புலன்ஸ் அழைப்பு என் போனிலேயே இருந்தது. கை பைக்குள் போனது. நிறுத்திக்கொண்டேன்.

"நான் குடிச்சிருந்தேன்னு எழுதறதுக்கு யார்கிட்டயாவது உறுதிப்படுத்தினீங்களா?"

அவர் தாடியிலிருந்து கையை எடுத்தார்.

"அப்ப, குடிக்கலைன்னு நான் சொல்றதும் போதும்."

வரவேற்பாளர் கணினிக்குப் பின்னால் குனிந்துகொண்டார். ஹூவெல் என் கோட்டின் கறையைப் பார்த்தார். பிறகு, "அந்த மனுஷர் எப்படி இருக்கார்?" என்று கேட்டார்.

"தெரியாது. ஆஸ்பத்திரியில கேட்டேன், சொந்தக்காரங்களுக்குத்தான் சொல்வாங்களாம்."

அதைச் சொல்லும்போது மட்டும்தான் குரல் கொஞ்சம் மாறியது.

"வியாழக்கிழமை வாங்க," என்றார். "மறுபடி முதல்லேருந்து தொடங்குவோம்."

மார்ச் 7

இன்டர்வியூ நடந்தது. ஹூவெல், இன்னொரு பொறியாளர், கேட்ரின். சிற்றோடை வரைபடம் ஒன்றைக் கொடுத்து, எங்கே உடைக்கும் என்று கேட்டார்கள். ரோட்டுக்கு அடியில் போகும் குழாயைக் காட்டினேன். எங்கள் ஊர்க் கரிசக்காட்டு ஓடை வருஷமெல்லாம் காய்ந்து கிடக்கும், ஒரு மழையில் முள்ளையும் பாலிதீனையும் அள்ளிக்கொண்டு வந்து பாலத்தின் வாயை அடைக்கும். குழாயின் அளவைக் கணக்குப் போடுகிறவர்கள் குப்பையைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்றேன். இன்னொரு பொறியாளர் பென்சிலை எடுத்துக்கொண்டு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். அதன் பிறகு நேரம் போனது தெரியவில்லை.

கடைசியில், "எங்ககிட்ட ஏதாவது கேக்கணுமா?" என்றார்கள்.

"மெயில் அனுப்பறதுக்கு முன்னால என்கிட்ட ஒரு வார்த்தை ஏன் கேக்கல?"

கேட்ரினின் முகம் சிவந்துவிட்டது. "கேட்டிருக்கணும்," என்றாள். வேறு சாக்கு ஒன்றும் சொல்லவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

மார்ச் 13

கடையில் கைகழுவிக்கொண்டிருந்தபோது கேட்ரினிடமிருந்து போன். வேலை கிடைத்துவிட்டது. விசாவுக்கும் அவர்களே பொறுப்பு. ரொட்டி அடுக்குக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

"ரொம்ப சந்தோஷம்," என்றேன். "முதல்ல அந்த மெயில்ல இருக்கிற வரியைத் திருத்தி அனுப்புங்க. தப்புன்னு எழுதி அனுப்புங்க. அப்புறம் கையெழுத்துப் போடறேன்."

கேட்ரின் மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னாள்.

ஜெர்லின் தலையில் கையை வைத்துக்கொண்டாள். "ஒனக்குப் பைத்தியமா பிள்ளே? விசா கையில வந்து நிக்குது! கையெழுத்தைப் போட்டுட்டுப் பொறவு சண்டை போடு."

"பொறவு போட்டா அது சண்டை இல்ல. கெஞ்சல்."

சொல்லிவிட்டேன். இப்போது தூக்கம் வரவில்லை. அவர்கள் 'சரி, வேண்டாம்' என்று சொல்லிவிட்டால்? சொல்லட்டும்.

மார்ச் 14

பதில் இல்லை.

மார்ச் 15

வந்துவிட்டது. "அந்தக் கூற்று தவறானது. அதை நீக்கிவிட்டோம். வருந்துகிறோம்." கையெழுத்துப் போட்டேன். ஜெர்லின் அவள் ஊர்ப் பலகாரமான வட்டயப்பம் செய்கிறாள். அடுப்படி முழுவதும் ஏலக்காய் வாசனை. "இனி ஒங்கூட யாரும் வாயைக் குடுக்க முடியாது," என்று முணுமுணுத்துக்கொண்டே செய்கிறாள்.

மார்ச் 18

அம்மாவிடம் வேலை கிடைத்ததைச் சொன்னேன். அழுதாள். பிறகு, அழுகையோடு அழுகையாக இன்னொன்றையும் சொன்னாள். மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போன அப்பாவை மினிபஸ் கண்டக்டர் குடிகாரன் என்று சொல்லிப் பாதி வழியில் இறக்கிவிட்டானாம். வெயிலில் நடந்தே வந்தாராம். இது முதல் தடவையும் இல்லையாம்.

"ஏம்மா சொல்லல?"

"சொன்னா நீ வெசனப்படுவ. விடு தாயி, நம்ம தலையெழுத்து."

"விட முடியாது. நாளைக்கு பஸ் ஓனர் ஆபீஸுக்குப் போங்க. ரெண்டு பேரும் போங்க. நான் போன்ல இருக்கேன்."

"ஆபீஸ்ல போயி என்னத்தன்னு பேச?"

"நடந்ததைப் பேசு."

ஜெர்லின் கட்டிலில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு எல்லாம் கேட்டது. போனை வைத்த பிறகு, அவள் கேட்காமலேயே, பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நகவெட்டியை வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

மார்ச் 19

இங்கே காலை, அங்கே மத்தியானம். போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜை மேல் வைத்தோம். ஜெர்லின் வேலைக்குத் தாமதமாகும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

மினிபஸ் ஓனர் ஆபீஸில் மின்விசிறிச் சத்தம். அம்மாவின் குரல் முதலில் எழும்பவில்லை. ஓனர், "ஏம்மா, கண்டக்டர் சும்மாவா எறக்குவான்? தள்ளாடிருப்பாரு," என்றார்.

"தள்ளாடத்தான் செய்வாரு," என்றாள் அம்மா. "ஒரு காலு வெளங்காது. ஒம்ம பஸ்ஸுல ஏறுறவுக எல்லாரும் ஓடியாடித்தான் ஏறணுமா?"

அம்மா இவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. நான் பேச வேண்டும் என்று தயாராக வைத்திருந்ததெல்லாம் தேவைப்படவில்லை.

கண்டக்டரைக் கூப்பிட்டார்கள். அவன் வந்து, "ஸார், வாயைத் தொறந்தா கொளறுறாரு. நீங்களே கேட்டுப் பாருங்க," என்றான்.

"குடிச்சீராய்யா?" என்று ஓனர் கேட்டார்.

ஜெர்லின் என் கையைப் பிடித்தாள். பிறகு அப்பாவின் குரல், ஒவ்வொரு வார்த்தையாக, இழுத்து, குழறி, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி:

"குடிக்... கல. குடிச்... சிருந்தாலும்... டிக்... கெட்டு எடுத்... தேன்ல?"